கணிதக் கோவையைப் பைதனுக்கு வாசிக்கக் கொடுக்க மூன்று வழிகள்

கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரு தேவை. பிள்ளைகள் விடையைக் கைபேசியில் தட்டெழுதி அனுப்ப, அது சரியா பிழையா என்று பைதன் மொழியில் எழுதிய நிரல் சொல்ல வேண்டும். ஒரே விடையை ஒருவர் விரித்து எழுதுவார், இன்னொருவர் காரணிப்படுத்தி எழுதுவார். இரண்டும் சரிதான். ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டையும் கோவையாக வாசித்து, கழித்து, சுருக்கி, பூச்சியம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுருக்கும் வேலையை, இயற்கணிதத்துக்கென்று பைதனில் இருக்கும் சிம்பை (SymPy) நூலகம் நன்றாகச் செய்யும். வாசிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, தட்டெழுதிய வரியைக் கோவையாக மாற்றித் தரும் சிம்பையின் ‘சிம்பிஃபை’ (sympify) என்ற கட்டளை. ஒரே வரியில் முடிந்துவிடும். 1/3 தசமமாகாமல் பின்னமாகவே நிற்கும், ^ குறியை அடுக்கு என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் 2-ஐயும் எக்ஸையும் ஒட்டி எழுதினால் பிழை என்று நின்றுவிடும். அதைவிட மோசம், எக்ஸுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பெருக்கலாக எழுதுவது: பிழை எதுவும் காட்டாமல், எக்ஸ் என்று ஒரு சார்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். மின்னோட்டத்துக்கு நாம் போடும் பெரிய ‘ஐ’ அதற்குக் கற்பனை அலகு. ஓமின் விதியை எழுதிய பிள்ளைக்குச் சிக்கலெண் விடையாக வரும்.

அடுத்தது சிம்பையிலேயே உள்ள ‘பார்ஸ் எக்ஸ்பிர்’ (parse_expr). இதில் உருமாற்றங்களை, அதாவது வரியை எப்படி வாசிப்பது என்ற விதிகளை, நாமே தேர்ந்து சேர்க்கலாம். மறைமுகப் பெருக்கலைச் சேர்த்தால், ஒட்டி எழுதிய இரண்டு எக்ஸும், அடைப்புக்குறி இல்லாத சைனும் சரியாக வாசிக்கப்படும். அடுக்குக் குறிக்கான உருமாற்றத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இங்கே அது தானாக வராது. ‘ஐ’யை வெறும் மாறியாக அறிவிக்கவும் இடமுண்டு. ஆனால் பெருக்கலைத் தாராளமாக விட்டால் ‘வெல்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய வேகம், வி, ஈ, எல் என்ற மூன்று மாறிகளின் பெருக்கமாக உடைந்துபோகும்.

இரண்டுக்கும் பொதுவான குறை பாதுகாப்பு. உள்ளே இரண்டும், கொடுத்த வரியை நிரலாகவே இயக்கிவிடும் பைதனின் ‘இவால்’ (eval) மீதே ஓடுகின்றன. முன்பின் தெரியாதவர் அனுப்பும் வரியை இவற்றிடம் நேரே கொடுக்க வேண்டாம் என்று சிம்பையின் ஆவணமே எச்சரிக்கிறது. 9^9^9 என்று ஒருவர் விளையாட்டாக அனுப்பினாலும் போதும்: அதன் விடை ஏறத்தாழ 37 கோடி இலக்கம் நீளம், சேவையகம் திணறிப்போகும்.

மூன்றாவது வழி, சொந்தமாக ஒரு சின்னப் பார்சர், அதாவது வரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாசிக்கும் நிரல். இப்படி வாசிப்பதற்குக் கணினி அறிஞர்களான டைக்ஸ்ட்ரா 1961-இலும், வான் பிராட் 1973-இலும் காட்டிய முறைகள் இன்றைக்கும் போதும். எண், மாறி, ஐந்து செய்கை, அடைப்புக்குறி, ஏழெட்டுச் சார்பு, அவ்வளவுதான் தேவை. முன்னுரிமையை நாமே முடிவு செய்கிறோம்: 2^3^2 வலமிருந்து சேர்ந்து 512 ஆக வேண்டும், 64 அல்ல. -3^2 என்பது -9. எக்செல் இதற்கு 9 என்கிறது, பிள்ளைகள் குழம்ப இதுவும் ஒரு காரணம். கைபேசி விசைப்பலகை தரும் ×, ÷, ² எல்லாவற்றையும் ஏற்கலாம், அடுக்குக்கு உச்சவரம்பு வைக்கலாம். எனக்கு இதில் மிகப் பிடித்தது பிழைச்செய்தி. “5ஆவது எழுத்தில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை” என்று தமிழிலேயே சொல்லலாம். தமிழ்மூலம் படிக்கும் பிள்ளைக்கு முன்னால் பைதனின் நீளமான ஆங்கிலப் பிழை வரிகளைக் கொட்டுவது சரியில்லை.

ஆசிரியர் தன் மடிக்கணினியில் வினாத்தாள் தயாரிப்பதென்றால் பார்ஸ் எக்ஸ்பிர் தாராளமாகப் போதும், அதற்காகப் பார்சர் எழுதி மினக்கெடத் தேவையில்லை. பிள்ளைகள் இணையத்தில் விடை அனுப்புவதென்றால் என் தெரிவு மூன்றாவதுதான். எழுதி முடித்ததும், வகுப்பில் நாலைந்து பேருடைய பயிற்சிக் கொப்பிகளை வாங்கி, அவர்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே விடைகளைத் தட்டெழுதிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.