கேம் மாத்தினதுக்கு அப்புறம் புஷ்ராட்: பழசையே போடலாமா, கிட்ல வர்றதா, அளந்து வாங்குறதா?

எல்எஸ்1 (ஜிஎம்மோட வி8) இன்ஜின்ல கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்க வைக்கிற தண்டு, சுருக்கமா கேம்) மாத்தினப்போ புஷ்ராட் (கேம் மேல உக்கார்ற லிஃப்டரோட அசைவை, வால்வை அமுக்குற ராக்கருக்குக் கொண்டு போற குச்சி) விஷயத்துல எனக்கு முன்னாடி நாலு வழி இருந்துச்சு. கழட்டின பழைய புஷ்ராடையே திரும்ப மாட்டுறது, கேம் கிட்டோட வர்ற நீளத்தை அப்படியே நம்புறது, அட்ஜஸ்ட் பண்ற ராக்கர் போட்டு சமாளிக்கிறது, இல்லன்னா செக்கிங் புஷ்ராட் (திருகி நீளத்தை மாத்திப் பார்க்குறது) வச்சு அளந்து அந்த நீளத்துல வாங்குறது. நான் முதல் வழியில போய் அடிபட்டு கடைசி வழிக்கு வந்தவன், அதனால என் சாய்வு அளக்குற பக்கம்தான்னு இப்பவே சொல்லிடுறேன்.

பழைய புஷ்ராட் தப்பே இல்ல, ஆனா புது கேமோட பேஸ் சர்க்கிள் (வால்வ் மூடியிருக்கிறப்ப லிஃப்டர் உக்கார்ற வட்டப் பகுதி) பழசோட ஒத்துப் போகணும், ஹெட்டை இந்த வேலையில மில்லிங் பண்ணியிருக்கக் கூடாது (அடியைச் சீவியிருக்கக் கூடாது), கேஸ்கட் அதே தடிமன்ல இருக்கணும், லிஃப்டரும் அதே மாடலா இருக்கணும். எனக்கு மூணு சரி, பேஸ் சர்க்கிள் மட்டும் இடிச்சுது. லிஃப்ட் (வால்வைத் திறக்குற உயரம்) கூடின கேம்ல இது சகஜம். கேம் பேரிங் ஓட்டைக்குள்ள நுழைஞ்சு போகணுமே, லோபோட (கேம்ல இருக்கிற மேட்டோட) மூக்கை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது, அதனால அடிப்பக்கத்தைக் குறைச்சுதான் லிஃப்டைக் கூட்டுவாங்க. அடி குறைஞ்சா லிஃப்டர் கீழ இறங்கி உக்காரும், பழைய புஷ்ராட் எட்டாம போகும்.

எனக்கு நடந்தது அதுதான். 7.400 இன்ச் ஸ்டாக் (கம்பெனியோடது) புஷ்ராடையே போட்டு ஸ்டார்ட் பண்ணேன், கோல்டா இருக்கிறப்ப ஒண்ணும் தெரியல, நல்லா சூடானதும் டிக் டிக்னு ஆரம்பிச்சுது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், புஷ்ராட் ஸ்டீல், அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால சூடு ஏற ஏற இருக்கிற கொஞ்சம் பிரீலோடும் (லிஃப்டருக்குள்ள இருக்கிற பிளஞ்சரை புஷ்ராட் அமுக்கி வச்சிருக்கிற அளவு) போயிடுது.

கிட்ல வர்ற நீளம் எப்படின்னா, விக்கிறவங்க வழக்கமான ஹெட், வழக்கமான கேஸ்கட்னு கணக்கு வச்சு கொடுக்குறது. பல பேருக்கு சரியா உக்காரும். முன்னாடி ஹெட்டை எவ்வளவு மில்லிங் பண்ணியிருக்குன்னு தெரியாத பழைய இன்ஜின்ல அதை நம்பி மாட்ட எனக்கு மனசு வரல.

அட்ஜஸ்ட் பண்ற ராக்கரை நான் ஓட்டிப் பார்த்ததில்ல, நண்பரோட இன்ஜின்ல பக்கத்துல நின்னு பார்த்ததோட சரி. பிரீலோடை நட்டுல வச்சுக்கலாம், வசதிதான், ஆனா நட்டு லூசாகுதான்னு அப்பப்ப வால்வ் கவரைக் கழட்டிப் பார்க்கணும். ராக்கருக்கு அடியில ஷிம் வைக்கிறதையும் சிலர் சொல்றாங்க, அது ராக்கரைத் தூக்கி பிரீலோடைக் குறைக்கத்தான் உதவும், என்னை மாதிரி புஷ்ராட் எட்டாதவங்களுக்கு அதுல பிரயோஜனம் இல்ல.

இப்ப அளக்குற கதைக்கு வர்றேன், எல்லாத்தையும் முடிவு பண்றது இதுதான். எல்எஸ்ல ஸ்டாக் ராக்கரை 22 பவுண்ட்-அடி டார்க்ல இறுக்கி விட்டுட்டா அவ்வளவுதான், திருக நட்டு கிடையாது. பிரீலோட் எவ்வளவுன்னு சொல்றது புஷ்ராட் நீளம் மட்டும்தான்.

முதல்ல ரெண்டு கேமையும் வெர்னியர்ல பிடிச்சேன், பேஸ் சர்க்கிள் விட்டம் பழசு 1.550 இன்ச், புதுசு 1.450. 0.100 குறைச்சல்னு பார்த்ததும் 7.500 ஆர்டர் போட இருந்தேன். நல்லவேளை நிதானிச்சேன், குறைஞ்சது விட்டம், லிஃப்டர் இறங்குறது அதுல பாதி, 0.050தான். அவசரப்பட்டிருந்தா பிரீலோட் தேவையை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறியிருக்கும். நீளம் கூடினா சத்தம் வராது, அதுதான் ஆபத்து, வால்வ் முழுசா மூடாம கம்ப்ரெஷன் குறையும், நாளாவட்டத்துல வால்வே கருகும்.

அப்புறம் செக்கிங் புஷ்ராட். இன்ச்சுக்கு 20 மரை இருக்கிறதுல ஒரு சுத்துக்கு 0.050 நீளும். அந்த சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பிக்கிறப்ப இன்டேக்கை அளக்கணும், இன்டேக் மூடி முடியப் போறப்ப எக்ஸாஸ்ட்டை அளக்கணும். ராக்கரை முழு டார்க்ல இறுக்கிட்டு செக்கரை விரலால நீட்டிக்கிட்டே வந்து மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் போன அந்த இடம்தான் ஜீரோ லாஷ். சுத்திப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, எண்ணெய் பட்ட புஷ்ராட் பிரீலோட் ஏறின பிறகும் விரல்ல சுத்தும். அதுக்கு மேல நீட்டினா லிஃப்டர் உள்ள இருக்கிற பிளஞ்சர் அமுங்கி அளவு பொய் சொல்லும், அதுக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங் அவ்வளவு மெல்லிசு. நான் நாலு சிலிண்டர்ல பார்த்தேன், ஜீரோ லாஷ் 7.395, ஒண்ணுல மட்டும் 7.390. அதாவது 7.400 போட்டப்ப எனக்கு இருந்த பிரீலோட் வெறும் 0.005, சத்தம் வராம என்ன செய்யும்!

என் லிஃப்டருக்குச் சொன்ன பிரீலோட் 0.050லிருந்து 0.060, அதைக் கூட்டி 7.450 எடுத்தேன். உங்க லிஃப்டருக்கு அதைச் செஞ்சவங்க சொல்ற அளவைத்தான் எடுக்கணும், என்னோடதை இல்ல. புது புஷ்ராட் போட்டு இறுக்குறப்ப இன்னொரு தடவை சரிபார்த்தேன். ராக்கர் போல்ட் மரை 1.25 மில்லிமீட்டர், ராக்கர் ரேஷியோ 1.7, அந்தக் கணக்குல போல்ட் ஒரு சுத்துக்கு புஷ்ராட் பக்கம் 0.078 இன்ச் அமுங்கும். ஆட்டம் நின்ன இடத்துலேர்ந்து முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் முன்னாடி டார்க் வந்துடுச்சு, 0.055க்கு சரியா ஒத்துப்போச்சு.

இதுவரைக்கும் ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, சூட்டுலயும் கோல்டுலயும் சத்தம் இல்ல. சாலிட் லிஃப்டர்ல (உள்ள பிளஞ்சர் இல்லாதது) நான் கை வச்சதில்ல, அங்க பிரீலோடே கிடையாது, லாஷ் (சின்ன இடைவெளி) விடணும், அதனால நான் சொன்ன கணக்கை அங்க போடாதீங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க, அவங்க சொல்ற நீளம் முனை உருண்டையில இருக்கிற எண்ணெய் ஓட்டையோட அளந்ததா, ஓட்டையே இல்லாத முழு உருண்டைன்னு வச்சு சொல்றதான்னு. 5/16 இன்ச் உருண்டையில 0.100 ஓட்டை இருந்தா ரெண்டு முனையிலயும் சேர்த்து கிட்டத்தட்ட 0.016 குறைச்சலாதான் வெர்னியர் காட்டும்.