ஒரே மழை, வேறு வேறு சட்டம்: இங்கிலாந்தா, வேல்ஸா, ஸ்காட்லாந்தா?

2007 கோடை வெள்ளம் இங்கிலாந்தைப் புரட்டிப் போட்ட பிறகு வந்தது, 2010-ஆம் ஆண்டின் வெள்ளம், நீர் மேலாண்மைச் சட்டம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து லண்டன் நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான். ஆனால் அதன் மூன்றாவது அட்டவணையை எப்போது அமலாக்குவது என்பது அந்தந்த அரசின் விருப்பம். அங்கேதான் பாதை பிரிந்தது.

புதுக் கட்டடத்தின் மழைநீரைக் குழாயில் தள்ளிவிடாமல் மண்ணில் இறக்கு, அல்லது தேக்கி மெல்ல விடு. அதற்குத் தனி ஒப்புதல் வாங்காமல் வேலையைத் தொடங்காதே என்கிறது அந்த அட்டவணை. வேல்ஸ் 2019 ஜனவரி 7 முதல் இதைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தோ கட்டட அனுமதியோடு சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. 2023-இல் மனம் மாறி, அடுத்த வருடம் கொண்டுவருகிறோம் என்றது. 2024 வந்து போனது, அட்டவணை வரவில்லை.

இங்கிலாந்தின் செஸ்டர் நகரை ஒட்டிய சால்ட்னியில் பவுண்டரி லேன் என்றொரு தெரு. இங்கிலாந்து-வேல்ஸ் எல்லை அதன் வழியாகத்தான் போகிறது. வேல்ஸ் பக்கம் இரண்டு வீடு கட்டினால் கவுன்சிலின் வடிகால் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் மழைநீரைப் பொதுக் குழாயில் இணைக்க முடியாது. விதிப்படி கட்டிய பொது வடிகாலைப் பிறகு கவுன்சிலே ஏற்றுக்கொள்ளும். எதிரே இங்கிலாந்துப் பக்கத்தில் 1991 நீர்த் தொழில் சட்டத்தின் 106-ஆம் பிரிவு அந்த இணைப்பை உரிமையாகவே தருகிறது. வடிகால் பராமரிப்பு பல இடங்களில் தனியார் நிர்வாகக் கம்பெனி கையில். கட்டுபவருக்கு இங்கிலாந்து சுலபம். வாங்குபவருக்கு வேல்ஸ்தான் என்பேன். கவுன்சில் கடையை மூடிவிட்டு ஓடாது.

ஸ்காட்லாந்து 2009-லேயே சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டது. வெள்ளத் திட்டத்துக்காக நாட்டை 14 வட்டாரங்களாகப் பிரித்தபோது, கவுன்சில் எல்லையை விட்டுவிட்டு ஆற்றுப் படுகையை, அதாவது ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்து சேரும் நிலப்பரப்பைப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் உள்ளூர் வெள்ளப் பொறுப்பு இன்றும் கவுன்சில் கணக்குதான். இந்த விஷயத்தில் ஸ்காட்லாந்துக்கே என் ஓட்டு. (வட அயர்லாந்தின் எல்லை அயர்லாந்துக் குடியரசோடு, அது வேறு கதை.)

ஆனால் படுகைக் கணக்கும் ட்வீட் ஆற்றில் முட்டிக்கொள்கிறது. ஆறு ஓடுவது பெரும்பாலும் ஸ்காட்லாந்தில். கடலில் சேரும் பெரிக் நகரம் இங்கிலாந்தில். அதனால் நீர்வளத் திட்டத்துக்குச் சால்வே-ட்வீட் பகுதியை ஒரே படுகையாக வைத்து, இரு நாட்டுச் சுற்றுச்சூழல் முகமைகளும் சேர்ந்து வேலை செய்யத் தனி விதி போட்டார்கள். செவர்ன் ஆற்றில் கதை தலைகீழ். வேல்ஸ் மலையில் பிறந்து இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியை மூழ்கடிக்கும் அந்த ஆற்றை 2013 வரை ஒரே முகமை பார்த்தது. இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று.