பேச்சு புரிய வேண்டுமா, வீடு அதிர வேண்டுமா? குறைந்த விலை சவுண்ட்பார்கள் ஓர் ஒப்பீடு

சண்டைக் காட்சியில் டிவி அலறுகிறது, அடுத்த காட்சியில் இருவர் பேசுவது காதில் விழுவதில்லை. டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பட்டையான சவுண்ட்பார் தேடிக் கடைக்குப் போகிற பலரின் குறை இதுதான். இன்றைய டிவிகள் மெலிந்துவிட்டதால், அவற்றின் சிறிய ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ இருக்கின்றன. ச, த, ப போன்ற எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் உயர் அதிர்வெண் ஒலிகள் நேராக நம்மிடம் வராமல் மேசையிலும் சுவரிலும் பட்டுச் சிதறுகின்றன. அதனால் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்குவதானாலும், பேச்சைத் தெளிவாக்குமா என்பதே என் முதல் கேள்வி.

இந்த விலையில் மூன்று வகைகள் போட்டியிடுகின்றன. முதலாவது, பேஸ் எனும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கான பெட்டி, அதாவது தனி சப்வூஃபர் இல்லாத ஒற்றைப் பட்டை. சோனியின் எச்டி-எஸ்100எஃப் இந்த வகை: 2.0 சேனல் (முதல் எண் ஒலித் தடங்கள், புள்ளிக்குப் பின் வருவது சப்வூஃபர்), 120 வாட். ஒரு பிளக் பாயின்ட் போதும். செய்தி, சீரியல், கிரிக்கெட் வர்ணனை ஆகியவற்றுக்கு நிறைவானது. தவிலும் டிரம்ஸும் நெஞ்சில் மோதும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது, சப்வூஃபரோடு வரும் 2.1. ஜெப்ரானிக்ஸ், போட், ஜேபிஎல் எல்லாம் இங்கேதான் மோதுகின்றன. கடைகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் இதுவே. படம் பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் சேலத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் ஒரே சுவரைப் பங்கிடும் வரிசை வீடுகள் எத்தனை! சப்வூஃபரின் பேஸ் ஒலி சுவரைக் கடந்து பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். விசைத்தறி ஓடும் தெருவில் நாள் முழுக்க ஓர் இரைச்சல் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் பேஸைக் கூட்டினால் வசனம் இன்னும் ஆழத்தில் புதைகிறது. ஏற்காட்டில் தகரக் கூரை வீட்டில் மழை கொட்டும்போதும் இதே கதைதான். அங்கே உதவுவது குரலைத் தூக்கிக் காட்டும் வாய்ஸ் மோட். 2.1 வாங்குவதானால், சப்வூஃபரின் அளவை ரிமோட்டிலேயே தனியாகக் குறைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயர்லெஸ் சப்வூஃபர் என்றாலும் அதற்கும் மின்சாரம் தனியாக வேண்டும். இன்வெர்ட்டர் இணைப்புள்ள பாயின்ட் ஒன்றுதான் என்றால் முன்கூட்டியே யோசியுங்கள்.

மூன்றாவது 5.1: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு சேனல்கள், ஒரு சப்வூஃபர். சோனியின் எச்டி-எஸ்20ஆர் நல்ல உதாரணம்: 400 வாட், பின்னால் வைக்க இரண்டு ஸ்பீக்கர்கள், எல்லாமே வயர் இணைப்பு. இதில் எனக்குப் பிடித்தது பின் ஸ்பீக்கர்கள் அல்ல, பட்டையின் நடுவில் இருக்கும் சென்டர் சேனல். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது. ஓடிடி படங்களுக்கு அது பெரிய வித்தியாசம். கேபிளில் வரும் தமிழ் சேனல்களோ பெரும்பாலும் ஸ்டீரியோவாகவே வருகின்றன. ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனம் எடுத்தவை உட்பட, அந்தக் காலப் படங்கள் ஒற்றைத் தட ஒலியில் பதிவானவை. அவற்றைத்தான் வீட்டில் விரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், பின் ஸ்பீக்கர்களுக்காகக் கூடம் முழுக்க வயர் இழுப்பது வீண் வேலை.

வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 60 வாட்டை 120 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்கச் சுமார் 10 டெசிபல் வேண்டும். மேல்நோக்கிய ஸ்பீக்கர் இல்லாத மலிவு பட்டையில் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதாகக் காட்டும் 'அட்மாஸ்' என்று அச்சிட்டிருந்தாலும் அது மென்பொருள் காட்டும் தோற்றமே. அதற்காக ஆயிரம் ரூபாய்கூடக் கூடுதலாகத் தர மாட்டேன்.

இணைப்பில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே வாங்கிக்கொள்ளும் ஏஆர்சி வசதி இல்லாத சவுண்ட்பார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த வசதி இது. டிவியின் ஒலி ஒரே கேபிளில் பட்டைக்குப் போகிறது, ஒரு கருவி இன்னொன்றைக் கட்டுப்படுத்த உதவும் சிஇசி-யை டிவி அமைப்பில் இயக்கிவிட்டால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு ரிமோட்டைக் கொடுத்துத் திண்டாட விட வேண்டியதில்லை. ப்ளூடூத்தில் ஒலி தாமதமாகி, உதடு அசைந்த பிறகு பேச்சு வரக்கூடும். அதைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு: கேபிளே பிரதானம் என்றால் ஒற்றைப் பட்டை, வாரந்தோறும் ஓடிடியில் படம் பார்ப்பவர்கள், வயருக்கு இடமிருந்தால், 5.1. இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்றால், அதுவும் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், 2.1. கடையில் அதிரும் டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு செய்தி சேனலைக் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். டிவியில் ஏஆர்சி என்று எழுதிய போர்ட் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். டிவியில் அந்த போர்ட் இல்லையென்றால், ஒளி வழியாக ஒலியைக் கடத்தும் ஆப்டிகல் இணைப்பும் உள்ள மாடலைக் கேட்க வேண்டியிருக்கும்.