யூடிவி ஏற்ற 16 அடி இரட்டை ஆக்ஸில் டிரெய்லர்: சில ஆண்டுகள் இழுத்த பிறகு

வீடு ஆஸ்டினுக்கு வடக்கே ஃப்ளூகர்வில்லில். நிலம் லூலிங் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். நிலத்தில் இன்னும் கொட்டகை போடவில்லை. பூட்டி வைக்க இடமில்லாமல் ஒரு குபோட்டா டீசல் யூடிவியை (பண்ணை வேலைக்கு, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி) வெட்டவெளியில் விட்டுவர மனம் வராது. அதனால் ஒவ்வொரு முறையும் அதை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பில் இழுத்துப் போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறோம். வெயில், மழை, காற்று எல்லாவற்றிலும் இழுத்தாயிற்று. யூடிவி வாங்கும் நண்பர்கள் முதலில் கேட்பது டிரெய்லரைப் பற்றித்தான் என்பதால், தெரிந்ததை விரிவாக எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது 83 அங்குல அகலம், 16 அடி நீளம், இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரத்திலும் மின்சார பிரேக். மொத்த அனுமதி எடை, அதாவது டிரெய்லரும் அதன் பாரமும் சேர்ந்து, 7,000 பவுண்டு. இரும்புச் சட்டம், பைன் பலகைத் தளம். எந்த நிறுவனம் என்பதைவிட இந்த அளவுகள்தான் முக்கியம்.

கடைகளில் யூடிவிக்கு என்று முதலில் காட்டுவது 77 அங்குலம், 12 அடி, ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர். விலை குறைவு, வீட்டு ஓரத்தில் அடக்கமாக நிற்கும். அதன் தகட்டைக் குனிந்து பாருங்கள்: மொத்த அனுமதி எடை 2,990 பவுண்டு என்று இருக்கும். 3,000 பவுண்டைத் தொட்டால் பல மாநிலங்களில் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அந்தக் கோட்டுக்கு ஒரு படி கீழே நிறுத்தத்தான் இந்த எண். இனி கணக்கைப் போடுங்கள். வெறும் டிரெய்லரே ஏறக்குறைய 1,100 பவுண்டு. மிச்சம் 1,890. எங்கள் யூடிவி விளம்பரத் தாளில் ஏறத்தாழ 1,900. அதில் கூரை, முன் கண்ணாடி, வின்ச், டீசல், பெட்டியில் கிடக்கும் சங்கிலி, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் 2,200-ஐத் தாண்டுகிறது. “ஆக்ஸில் 3,500 பவுண்டு தாங்கும், கவலைப்படாதீர்கள்” என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஆக்ஸில் தாங்கலாம். ஆனால் தகட்டில் எழுதியிருப்பதற்கு மேல் ஏற்றி, பிரேக் இல்லாத ஒன்றை நெடுஞ்சாலையில் இழுப்பதை என்னால் ஏற்க முடியாது. பின்னால் வரும் காரில் குழந்தைகள் இருப்பார்கள்.

டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டு வரையுள்ள டிரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. சட்டம் விட்டுவிடுகிறது என்பதற்காக நாமும் விட வேண்டியதில்லை. 2,200 பவுண்டு பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது, ஈரச் சாலையில் முன்னால் ஒரு மான் குறுக்கே பாய்ந்தால், டிரெய்லரும் தன் பங்குக்கு நிற்கிறதா என்பது கையில் உடனே தெரியும். லாக்ஹார்ட்டுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அப்படி நிறுத்த வேண்டி வந்தது. வண்டி நேர்கோட்டில் நின்றது. பிரேக்குக்கு ஏழு முள் இணைப்பும், பிக்கப்பில் டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். நான்கு முள் தட்டை இணைப்பு விளக்குகளுக்கு மட்டும்தான். பல பிக்கப்களில் கன்ட்ரோலர் கம்பெனியிலேயே வருகிறது. இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது நீளம். பத்தடி வண்டிக்கு எதற்குப் பதினாறடி என்று ஹூஸ்டன் நண்பர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, பன்னிரண்டு அடியிலேயே ஏறிடுதே, மிச்சம் என்ன விறகு ஏத்தவா?” ஏறுவது வேறு, சரியான இடத்தில் நிற்பது வேறு. ஊரில் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரமாக பிக்கப்பின் கொக்கியில் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் தானாகப் பெருகி பிக்கப்பையே திருப்பிவிடும்.

கண் அளவில் இதைப் பார்க்க முடியாது. டிரக் நிறுத்தங்களில் உள்ள ‘கேட் ஸ்கேல்’ (CAT Scale) எடைமேடையில் எடை போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. முதலில் பிக்கப்பை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு யூடிவி ஏற்றிய டிரெய்லரோடு ஒரு சீட்டு. இரண்டாவது சீட்டில் பிக்கப்பின் இரண்டு ஆக்ஸிலும் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுதான் முன்பாரம். எங்களுக்கு டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 4,210 பவுண்டு. முன்பாரம் 510, அதாவது 12 விழுக்காடு. பிறகு யூடிவியை ஒரே ஒரு அடி பின்னால் தள்ளி நிறுத்தி மறுபடி எடை போட்டேன். முன்பாரம் 350-க்கு இறங்கிவிட்டது. எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரு அடியில் நல்ல இழுவை ஆபத்தான இழுவையாகிவிடுகிறது. அன்றே முன் சக்கரம் நிற்கும் இடத்தில் பலகையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டேன். இப்போது வீட்டில் யார் ஏற்றினாலும் அந்தக் கோட்டில்தான் நிறுத்துகிறார்கள்.

பன்னிரண்டு அடித் தளத்தில் இப்படி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க இடமே இல்லை. யூடிவியின் இன்ஜின் பின்பக்கம் இருப்பதால், முகப்பு முன்னால் பார்க்க ஏற்றும்போது கனம் பின்னால் விழுகிறது. முன்னே நகர்த்த இடம் வேண்டும். பின்புறமாக ஏற்றினால் கனம் முன்னால் வருமே என்று சிலர் கேட்பதுண்டு. வரும். ஆனால் முன் கண்ணாடி உள்பக்கமாகக் காற்றை வாங்கும். அதன் கிளிப்புகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கண்ணாடி பிய்ந்து பின்னால் வருபவர் மேல் பறக்கக்கூடும்.

இன்னொன்று, முன்பாரம் முழுவதும் பிக்கப்பின் சுமை அளவில் கழியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள், வெள்ளைச் சீட்டில் அந்த அளவு இருக்கிறது. குடும்பம், குளிர்ப்பெட்டி, 510 பவுண்டு முன்பாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இழுவைத் திறன் பத்தாயிரம் என்று விளம்பரம் சொன்னாலும், பல நேரம் முதலில் தீர்ந்துபோவது இந்தச் சீட்டின் எண்தான்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 130 சுங்கச்சாலையில் மஸ்டாங் ரிட்ஜ் முதல் செகின் வரை வேக வரம்பு மணிக்கு 85 மைல். 2012-இல் திறந்தபோதே அமெரிக்காவில் அதுதான் உச்சம். டிரெய்லருக்கென்று வரும் எஸ்டி வகை டயரில் வேகக் குறியீட்டு எழுத்து எதுவும் இல்லையென்றால் அது 65 மைலுக்குத்தான் என்று கொள்வது வழக்கம். காலி டிரெய்லரை எண்பதில் பறக்கவிட்டுப் போகிறவர்களை அந்தச் சாலையில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகஸ்ட் மாதத் தார்ச்சாலைச் சூட்டில் அந்த டயர் என்ன பாடுபடும்! நாங்கள் வலது ஓரத்தில் 65-ஐத் தாண்டுவதில்லை. அப்படியிருந்தும் ஒரு கோடையில் பின் இடது டயர் வெடித்தது. டப்பென்ற சத்தம், கண்ணாடியில் ரப்பர் துண்டுகள். ஆனால் டிரெய்லர் விலகவில்லை, சாயவில்லை. எங்கள் டிரெய்லரின் டயர் ஒன்று, 50 பிஎஸ்ஐ காற்றில் 1,820 பவுண்டு தாங்கும்; மீதி மூன்றும் பாரத்தைச் சுமந்துகொண்டன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெதுவாக ஓரங்கட்டினோம். ஒற்றை ஆக்ஸிலாக இருந்தால் அந்தப் பக்கத்தில் வேறு சக்கரமே கிடையாது. இரண்டாவது ஆக்ஸிலுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த ஒரு நிமிடத்திலேயே அடைபட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வெடித்த டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத் தேதியைப் பிறகு பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. நான் டிரெய்லர் வாங்கும் முன்பே அந்த டயருக்கு இரண்டு வயது ஆகியிருந்தது. விற்பனையகத்து வெயிலில் நின்றே கிழடாகியிருக்கிறது. ஆகவே புது டிரெய்லர் வாங்கும்போதே நான்கு டயரின் தேதியையும் படியுங்கள். பழசாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், ஸ்டெப்னியையும் அதே பேச்சில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் ஸ்டெப்னி தனிக் கணக்கு. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு ஆண்டில் டயரை மாற்றிவிடுவது நல்லது. காற்றை டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு, குளிர்ந்த நிலையில் நிரப்ப வேண்டும். பாரம் குறைவுதானே என்று காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் நெளிந்து சூடேறும்.

கட்டுவதற்கு இரண்டு அங்குல ரேச்செட் பட்டைகள் நான்கு, நான்கு மூலைக்கும் ஒன்று. பட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் 10,000 என்பது அறுந்துபோகும் எடை. நம்பிக் கட்டக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு, 3,333 பவுண்டு. நான்கும் சேர்ந்தால் நம் பாரத்துக்கு மிகத் தாராளம். முன்னிரண்டும் முன்னோக்கியும், பின்னிரண்டும் பின்னோக்கியும் இழுக்க வேண்டும். பட்டை எந்த இரும்பு விளிம்பிலும் உரசக்கூடாது. உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் செருகியிருக்கிறேன், இதுவரை ஒரு நூல்கூடப் பிரியவில்லை. 83 அங்குல அகலத்தின் அருமை இங்கேதான் தெரியும்: வண்டிக்கும் மட்கார்டுக்கும் இடையில் கால் வைத்து நின்று ரேச்செட் போட முடிகிறது. கிளம்பிப் பத்துப் பதினைந்து மைலில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்க்க வேண்டும். யூடிவியின் சஸ்பென்ஷன் குலுங்கிக் குலுங்கி உட்காரும்போது பட்டை நிச்சயம் தளரும். மருந்து தெளிக்கும் தொட்டியைக் காலியாகத்தான் ஏற்றுவோம். 25 காலன் தண்ணீரே 200 பவுண்டுக்கு மேல், அதுவும் உயரத்தில் தளும்பும்.

ஏற்றும்போது டிரெய்லர் பிக்கப்பில் பூட்டியிருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். பின் சாய்கதவின் மேல் வண்டி ஏறுகையில் டிரெய்லரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். பூட்டாத டிரெய்லர் அப்படியே அண்ணாந்துவிடும். வலைக் கம்பிக் கதவு நிமிர்ந்து நின்றால் காற்றைப் பிடித்து டீசலைத் தின்கிறது. மடித்துத் தளத்தில் படுக்கவைக்கும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஆண்டுக்கொருமுறை பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்கிறேன். பெட்ரோல் பங்கில் நிற்கும்போது நான்கு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் வெப்பமானியால் பார்ப்பேன். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பேசுகிறது என்று பொருள். கொக்கி கழன்றால் தானாக பிரேக் பிடிக்கவைக்கும் சிறு பேட்டரி ஒன்று முன்சட்டத்தில் இருக்கிறது. அது சத்தமில்லாமல் செத்துப்போகும். முள்ளை உருவி, சக்கரம் பிடிக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். பைன் பலகையில் இரண்டு மட்டும் வளைந்திருக்கின்றன, இந்தக் குளிர்காலத்தில் மாற்றுவேன். சட்டத்தில் துரு பெரிதாக இல்லை. இங்கே சாலையில் உப்பு போடுவது அரிது. சிகாகோ, மிச்சிகன் பக்கம் இருப்பவர்கள் அலுமினியத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒற்றை ஆக்ஸில் யாருக்குச் சரி? கூரை, கண்ணாடி எதுவும் இல்லாத, 1,500 பவுண்டுக்குள் அடங்கும் சிறிய இரண்டு இருக்கை வண்டி, பக்கத்து ஊர் வரை மட்டும் ஓட்டம் என்றால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் 3,500 பவுண்டு அனுமதியும் பிரேக்கும் உள்ளதாக, குறைந்தது பதினான்கு அடியாகப் பாருங்கள்.