தறிக்குடோன் வீட்டில் நான்கு வருடமாக ஒரு ஹூட் தொட்டி

எங்கள் வீடு சோமனூர் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு பஞ்சுத் தூசி. முன்பு மீன் வளர்த்தது மூடியில்லாத கண்ணாடித் தொட்டியில். இரண்டு நாளில் தண்ணீர் மேல் பால் ஆடை போலப் பஞ்சு படிந்துவிடும். ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் பஞ்சோடு மண்ணும் சேர்ந்துகொள்ளும். மேலே ஆடை மூடிய தண்ணீரில் காற்று சரியாகக் கலக்காது. அம்மா கூப்பிடுவார்: "கண்ணு, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குது பாரு." நான் ஹூட் தொட்டிக்கு, அதாவது மூடியோடு வரும் மீன் தொட்டிக்கு, மாறியதற்கு அந்தக் குரல்தான் காரணம்.

வாங்கியது இரண்டடித் தொட்டி: 60 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம். கணக்குப்படி 63 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 50 லிட்டர்தான் நிற்கும். கடைகளில் இதை இம்போர்ட்டட் டேங்க் என்பார்கள். விளக்கு, மோட்டார், ஃபில்டர் எல்லாம் மூடிக்குள்ளேயே இருக்கும். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றி மூடியில் உள்ள தட்டில் ஊற்றும். தட்டில் வெள்ளைப் பஞ்சு, அதன் கீழே கறுப்பு ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்கள். அவற்றில் இறங்கி, துளைகள் வழியாகத் தொட்டிக்கே திரும்ப விழும்.

பஞ்சுத் தூசித் தொல்லை முதல் வாரத்திலேயே தீர்ந்தது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும் என்று இன்றும் சொல்வேன். பல்லி விழவில்லை. துள்ளி வெளியே போய்த் தரையில் காய்ந்து கிடந்த மீனைப் பார்க்கவேண்டி வரவில்லை. தண்ணீர் மேலிருந்து விழுவதால் தனியாகக் காற்று மோட்டாரும் தேவைப்படவில்லை.

இன்னொரு நன்மை மின்தடை நாளில்தான் புரிந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். தறிச் சத்தம் நின்றதும் ஃபில்டரும் நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்வோம். தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டரில் தண்ணீர் உள்ளேயே அடைபட்டு நிற்கும். சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, அதில் வாழும் நல்ல பாக்டீரியா சாகத் தொடங்கும். ஹூட்டில் தட்டுத் தண்ணீர் வடிந்துவிடுகிறது. வளையங்கள் ஈரமாகக் காற்றுப் பட்டபடி இருக்கின்றன. பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது. கரண்ட் வந்ததும் தொட்டி வழக்கம்போல ஓடும். இருந்தாலும் இப்போது இன்வெர்ட்டரில்தான் இணைத்திருக்கிறேன். பத்து வாட் கூட இழுக்காத மோட்டார், பேட்டரிக்குச் சுமையே இல்லை.

அந்த பாக்டீரியாவைப் பற்றித் தெரியாமல் நான் மீன்களைச் சாகவிட்டிருக்கிறேன். நான்காவது மாதம் தண்ணீர் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கடையில் கேட்டேன். "உள்ள இருக்கிறதை எல்லாம் மொத்தமா மாத்திருங்க, பளிச்சுன்னு ஆயிருமுங்க" என்றார்கள். பஞ்சு, ஸ்பாஞ்ச் எல்லாம் புதிது போட்டேன். வளையங்களைக் குழாயில் நன்றாகக் கழுவினேன். தண்ணீர் பளிச்சென்றுதான் ஆனது. ஐந்தாம் நாளிலிருந்து பிளாட்டி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப் போயின, மொத்தம் ஒன்பது. மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் வளையத்திலும்தான் குடியிருக்கிறது. அது மறுபடி உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாதியைத் தூக்கிப் போட்டேன். மீதியைக் குழாய்த் தண்ணீரின் குளோரினில் கழுவினேன். எப்படித் தாங்கும்? இப்போது வெள்ளைப் பஞ்சை மட்டும் இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றுகிறேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைக்கிறேன். வளையங்களைத் தொடுவதில்லை.

வெள்ளைப் பஞ்சைத் தாமதித்தால் வேறொரு சிக்கல். அடைத்துக்கொண்ட பஞ்சின் மேலேயே தண்ணீர் வழிந்து, எதிலும் வடிகட்டப்படாமல் தொட்டிக்குள் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஓடுவது போலவே இருக்கும். ஒருமுறை மூடி விளிம்பில் கசிந்து, கண்ணாடியின் வெளிப்புறமாக இறங்கி, மேசைப் பலகை ஊறிவிட்டது. ஆகவே மூடியை வாரம் ஒருமுறையாவது தூக்கிப் பாருங்கள். தூக்கும் முன் பிளக்கைக் கட்டாயம் பிடுங்குங்கள். ஈரமும் ஒயரும் ஒரே மூடிக்குள் இருக்கின்றன. சுவிட்ச் பாக்ஸுக்குப் போகும் ஒயரும் ஒரு வளைவு கீழே தொங்கி ஏறட்டும். ஒயர் வழி வடியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

இனி உப்பு. எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டர் 1,200ஐத் தொட்டது. முதல் வருடம் அதையே ஊற்றினேன். மூடியின் அடிப்பக்கம், விளக்கின் மேல் பிளாஸ்டிக், தட்டின் துளைகள் என்று எல்லா இடத்திலும் வெள்ளைப் பொருக்கு கட்டியது. மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் தண்டில் படிந்து கறகறவென்று சத்தம். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் இரவு ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். இப்போது போர் தண்ணி பாதி, நல்ல தண்ணி பாதி. நல்ல தண்ணியைக் குளோரின் போகப் பக்கெட்டில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுகிறேன். உப்புத் தண்ணி மோலி, கப்பி, பிளாட்டிக்குப் பிடிக்கும். நியான் டெட்ராவுக்கு ஒத்துக்கொள்ளாது. உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் கோயமுத்தூர் வீடுகளில் அது நன்றாகவே இருக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில்தான் இந்த மூடி எனக்குப் பாரமாகத் தெரிகிறது. மூடியிருப்பதால் ஆவி வெளியேறாது, சூடு இறங்காது. போன கோடையில் தண்ணீர் 33 டிகிரி வரை போனது. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் தாங்கும். 32 டிகிரியில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். தீனிக் கதவைத் திறந்து சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரியாவது குறைகிறது. ஆனால் திறந்தால் பஞ்சு உள்ளே வரும். திறப்பின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டிச் சமாளிக்கிறேன். நல்ல தீர்வு என்று சொல்லமாட்டேன், மீன்கள் தாக்குப்பிடித்தன.

மூன்றாம் வருடம் விளக்கு பாதி அணைந்தது. எல்.இ.டி. பட்டை மூடியோடு ஒட்டி அடைத்தது, தனியாகக் கழற்ற வழியில்லை. அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார்கள். விளக்குக்காக முழு மூடியையும் தூக்கிப் போடுவதா? நீர்புகா டியூப் ஒன்றை வாங்கி அடியில் ஒட்டினேன். பழைய விளக்கும் மோட்டாரும் ஒரே ஒயரில் இருந்ததால் டைமர் போட முடியாமல் இருந்தது. போட்டால் விளக்கோடு ஃபில்டரும் நின்றுவிடும். இப்போது விளக்கு தனி பிளக், எட்டு மணி நேரம் எரிகிறது. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற இரண்டு செடிகளும் தழைத்திருக்கின்றன. அதிக வெளிச்சம் கேட்கும் செடிகளை இதில் முயலாதீர்கள்.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். வார நாளில் தறி ஓடும்போது மோட்டார் இருப்பதே தெரியாது. ஞாயிறு தறி நிற்கும். அன்றுதான் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் சலசலப்பு பெரிதாகக் கேட்கும். ஒரு சொம்பு ஊற்றினால் அடங்கிவிடும். படுக்கையறைக்கு வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். மோட்டார் தனியாகக் கழன்று வருகிறதா, இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா, தட்டில் வளையங்கள் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மீன் விடலாம் என்பதைத் தொட்டியின் நீளத்தைவிட இந்தத் தட்டின் அளவுதான் முடிவு செய்யும். ஸ்பாஞ்சையெல்லாம் உள்ளே வைத்து மூடிய கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும் என்றால் வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பாக்டீரியாவையும் சேர்த்துத் தூக்கிப் போடவேண்டி வரும். கப்பி வைப்பதானால் மோட்டாரின் உறிஞ்சு வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள். குஞ்சுகள் இழுபட்டுப் போகாது.

என் மகள் ஒரு வருடமாகக் கோல்டு ஃபிஷ் கேட்கிறாள். அது நிறையக் கழிவு போடும் மீன், ஓரடி வரை வளரக்கூடியது. இந்தத் தட்டும் 50 லிட்டரும் அதற்குப் போதாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். மாடியில் பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு நிழலும் வலையும் கட்டி முடித்த பிறகு வாங்கித் தருவதாகப் பேச்சு.