400 இசட்ஆர் கோஹெரன்ட் மாட்யூல்: எதைச் சரிசெய்கிறது, எதை விட்டுவிடுகிறது

இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே 80 கிலோமீட்டர் போல ஃபைபர் ஓடுகிறது, அதில் 400 ஜி (நொடிக்கு 400 கிகாபிட்) வேகம் வேண்டும் என்றால், சுவிட்சில் செருகி ஃபைபரில் ஒளியை அனுப்பவும் வாங்கவும் உதவும் இந்த மாட்யூலைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஃபைபரில் இருக்கும் எல்லாக் கோளாறையும் உள்ளே இருக்கும் டிஎஸ்பி சிப் (சிக்னலை எண்களாக்கிக் கணக்குப் போட்டுத் திருத்தும் சிப்) பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வாங்காதீர்கள்.

எங்கள் லைனில் முன்பு 10 ஜி அலைகள் ஓடின. டிஸ்பெர்ஷனை, அதாவது வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் ஒளித்துடிப்பு சிதறி அகல்வதை, சரிக்கட்ட ரேக்கில் தனியாக ஒரு பெட்டி இருந்தது. எதிர்ப்பக்கமாகச் சிதறவைக்கும் ஃபைபரைக் கிலோமீட்டர் கணக்கில் அதற்குள் சுற்றி வைத்திருப்பார்கள். அது தின்னும் ஒளியை ஈடுகட்ட இன்னொரு ஆம்ப்ளிஃபையர், அதனால் கூடுதல் இரைச்சல். இப்போது அந்தப் பெட்டியே இல்லை. அதன் வேலையை ஒரு விரல் நீள மாட்யூல் செய்கிறது.

இது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சாதாரண சிங்கிள் மோட் ஃபைபரில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், ஒரு நானோமீட்டர் அகலத்துக்குக் கிலோமீட்டருக்கு 17 பிகோநொடி சிதறல். 80 கிலோமீட்டருக்கு 1360 பிகோநொடி. இந்த மாட்யூல் நொடிக்கு சுமார் 6,000 கோடி சிம்பல் (தகவலைச் சுமக்கும் ஒளித்துடிப்பு) அனுப்புகிறது. ஒரு சிம்பலின் ஆயுள் 17 பிகோநொடிக்கும் குறைவு, சிக்னலின் அகலமோ அரை நானோமீட்டரை ஒட்டியது. ஆக, மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது ஒவ்வொரு சிம்பலும் பக்கத்தில் இருக்கும் நாற்பது சிம்பல்களின் மேல் படிந்து கிடக்கும்.

ஒளியின் பலத்தை மட்டும் அளக்கும் பழைய ரிசீவரால் இதைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் ஃபேஸ், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, அதன் கையில் சிக்குவதே இல்லை. இங்கே ரிசீவருக்குள்ளேயே ஒரு லேசர் இருக்கிறது. வரும் ஒளியை அதோடு கலந்து, இரண்டு போலரைசேஷனிலும் (ஒளி அதிரும் திசைகளிலும்) பலத்தையும் ஃபேஸையும் சேர்த்துப் பிடித்து, நான்கு ஏடிசி (சிக்னலை எண்ணாக்கும் சுற்று) வழியாக எண்களாக்குகிறார்கள். எண்ணாகிவிட்டால் டிஸ்பெர்ஷன் என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஃபேஸ் கொஞ்சம் திரும்பியிருப்பது மட்டும்தான். எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு, திரும்பிய அளவுக்கு எதிராகத் திருப்பி, பழையபடி மாற்றினால் சரியாகிவிடும். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

போலரைசேஷனையும் நன்றாகவே சமாளிக்கிறது. லிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரேயில் இருந்த பேட்ச் கார்டைக் கையால் நகர்த்தி, வளைத்துப் பார்த்தேன். உள்ளே ஒளி அதிரும் திசை சுழன்றிருக்கும். டிஎஸ்பியில் இருக்கும் ஈக்வலைசர் என்ற திருத்தும் பகுதி கூடவே ஓடித் தன்னைத் திருத்திக்கொள்கிறது, ஒரு பாக்கெட்டும் விழவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இது காட்டும் அளவீடுகள். டிஸ்பெர்ஷன், ஓஎஸ்என்ஆர் (ஒளி சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்), எஃப்இசிக்கு (பிழை திருத்தும் முறை) முந்தைய பிழை விகிதம், எல்லாம் சுவிட்சிலேயே தெரிகின்றன. டிஸ்பெர்ஷன் எண்ணை 17ஆல் வகுத்தால் ஃபைபரின் நீளம் ஏறக்குறைய வந்துவிடும். ஃபைபரை வேறு பாதைக்கு மாற்றியிருந்தால் அதையும் இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம், குறைகள். 80 பிட்டுக்கு ஒன்று தப்பாக வந்தாலும் எஃப்இசி திருத்திவிடும். அந்த எல்லை வரை மேலே ஓடும் டிராஃபிக்கில் ஒரு பிழைகூடத் தெரியாது. தாண்டிவிட்டால் லிங்க் ஒரேயடியாக விழும். அதனால் பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், எஃப்இசிக்கு முந்தைய பிழை விகிதத்துக்கு அலாரம் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் சேர்த்த இரைச்சலை எந்த டிஎஸ்பியாலும் கழிக்க முடியாது. ஓஎஸ்என்ஆர் 26 டெசிபல் வேண்டும், அதற்குக் கீழே போனால் இது உத்தரவாதம் தராது. சரி, பவரைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஃபைபருக்குள் பவர் ஏற ஏற கண்ணாடியின் ஒளிவிலகலே மாறுகிறது. 1 டெசிபல் கூட்டினால் அதனால் எழும் குலைவு 3 டெசிபல் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் பவரைக் கூட்டக் கூட சிக்னல் கெடத்தான் செய்யும். அந்தக் குலைவையும் கணக்கிலேயே பின்னோக்கி ஓட்டித் திருத்தும் முறை இருக்கிறது, ஆனால் இவ்வளவு சிறிய மாட்யூலின் மின்சாரக் கணக்குக்குள் அது அடங்காது.

சூடு இன்னொரு விஷயம். ஒரு மாட்யூல் 15 முதல் 20 வாட் வரை எடுக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் சுவிட்சின் போர்ட் அவ்வளவு மின்சாரம் தருமா, பக்கத்துப் பக்கத்தில் செருகினால் ஃபேன் தாங்குமா என்று கேட்டுவிடுங்கள். செருகியதும் லிங்க் எழவில்லையே என்று பதறி உருவவும் வேண்டாம். லேசர் நிலைப்பட்டு, டிஸ்பெர்ஷனைத் தேடிப் பிடித்த பிறகுதான் எழும். 120 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியவர்கள் இதை விட்டுவிட்டு, இன்னும் பலமான எஃப்இசி உள்ள இசட்ஆர் பிளஸ் வகையைப் பாருங்கள்.