டைப் அடிக்கிற பிள்ளை கணக்கும் பார்க்கும் கடை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போட்டோக்கொப்பிக் கடைகளுக்குக் குறைவில்லை. நான் போனது அதில் மிகச் சின்னது. இரண்டு மெஷின், ஒரு கணினி, ஒரு விசிறி. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

சரித்திரம் படிப்பித்துப் பென்சன் எடுத்தவன் நான். சிசிலித் தீவில் சிராகூசுக்கு வடக்கே கிரேக்கர் குடியேறிய மெகாரா ஹிப்ளேயா என்ற சிறு நகரைப் பற்றிக் கையால் எழுதிய 62 பக்கத்தை டைப் அடிக்கக் கொடுத்தேன். பக்கத்துக்கு 120 ரூபா. வேறிடத்தில் இதைவிட மலிவு. ஆனால் இங்கே டைப் அடிக்கிற பிள்ளை வாசித்து வாசித்து அடிக்கிறாள்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் கேட்டாள்: "சேர், கி.மு. 738இல தொடங்கி 245 வருசம் இருந்தது எண்டு எழுதியிருக்கிறியள். 483இல அழிஞ்சதெண்டால் கணக்கு வரேல்லையே?" 728 என்று இருக்கவேண்டியது. இரண்டை மூன்றாக்கியது என் கை. நான் நாலு தரம் திருப்பிப் பார்த்தும் கண்ணில் படவில்லை.

அப்புறம் இன்னொரு சந்தேகம். லாமிஸ் என்பவன் கிரேக்கத்திலுள்ள பழைய மெகாராவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து முதலில் சிசிலியின் துரோதிலோனில் இருந்தான். பிறகு லெயோந்தினிக்குப் போனார்கள், அங்கிருந்து துரத்தினார்கள். தாப்சோசில் லாமிஸ் இறந்துபோக, மிச்சப் பேரை அங்கிருந்தும் எழுப்பிவிட்டார்கள். கடைசியில் ஹிப்ளோன் என்ற உள்ளூர் அரசன்தான் காணி கொடுத்தான். "எங்கட அம்மாக்கள் 95 இடப்பெயர்வில ஓடின மாதிரி" என்றாள். அவள் கேட்க வந்தது அதையல்ல. சிராகூசை ஆண்ட கெலோன் மெகாரா ஹிப்ளேயாவைப் பிடித்ததும், தன்னோடு போரைத் தொடக்கிய அந்நகரின் பணக்காரருக்குச் சிராகூசில் குடியுரிமை கொடுத்தான். போரில் பங்கே இல்லாத சாதாரண சனத்தைச் சிசிலிக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி அடிமைகளாக விற்றான். "சேர், இதை மாறி எழுதிப்போட்டியளோ?" மாறி எழுதவில்லை பிள்ளை, கிரேக்கச் சரித்திரக்காரர் ஹெரோடோட்டஸ் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

டைப்பிங்குக்கு முழுப் புள்ளி. வரைபடத்துக்குப் பூச்சியம். அந்த நகரில் தெருக்கள் இரண்டு திசைப் போக்கில் போகும். அவை சந்திக்கிற இடத்தில் சரிவகம் போல ஒரு சந்தைவெளி. 1949இல் பிரெஞ்சுக்காரர் தோண்டத் தொடங்கி வெளிக்கொண்டுவந்த அழகே அதுதான். கொப்பியில் தெருவும் கறுப்பு, சந்தையும் கறுப்பு, கடலும் கறுப்பு. மெஷினில் டோனர் கொட்டுகிறது என்று தெரிந்தும் 15 பிரதியையும் எடுத்துத் தள்ளிவிட்டார் முதலாளி. கேட்டதற்கு, "படம்தானே ஐயா" என்றார். ஸ்பைரல் பைண்டிங்கும் சுமார்தான், இரண்டு பிரதியில் கடைசிப் பக்கம் தலைகீழ்.

அடுத்தது செலினுஸ். மெகாரா ஹிப்ளேயா தோன்றி நூறு வருசத்தில் அங்கிருந்து போனவர்கள் கட்டிய நகர். அதையும் அந்தப் பிள்ளையிடம்தான் கொடுப்பேன். வரைபடத்தை மட்டும் யாழ்ப்பாணம் டவுனில் எடுத்துக்கொள்வேன்.